காரைமுள் ஊசி

உங்கள் கசெட் பெட்டியில் இரைச்சலைக் குறைக்கவென்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அடுத்த முறை அதை அமுக்கும்போது காதைக் கொஞ்சம் கொடுத்துக் கேளுங்கள். ‘உஸ்’ என்ற சத்தம் வெளியே போகும். போகும்போது சும்மா போகாது. பாட்டிலிருந்தும் ஒரு பிடி அள்ளிக்கொண்டுதான் போகும்.

நம்மில் ஒருவருக்கும் இன்னும் முப்பது முடியவில்லை. அதற்குள் ‘அந்தக் காலத்தில்’ என்று நான் தொடங்கினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சனிக்கிழமைகளில் கூடி, பழைய அரக்கு இசைத்தட்டுகளை நடுவில் வைத்துக்கொண்டு, சவர்க்காரம் போடலாமா, ஊசியை மாற்றலாமா என்று தொண்டை வற்றச் சண்டை பிடிக்கிற கூட்டம் நாம். போன சனிக்கிழமை உங்களில் ஒருவர், “முள்ளிலே ஊசி செய்து போட்டால் இரைச்சல் அடங்குமாமே” என்றார். எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வாய் திறக்கிறவள் நான், அன்றைக்குப் பேசாமல் இருந்தேன். ஏன் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இது.

எனக்கு அப்போது பதினொரு வயது. வீடு உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. முன் யன்னலைத் திறந்தால் கப்பல். பின் கதவைத் திறந்தால் கிணறும், எலுமிச்சை காய்த்துக் கிடக்கும் ஒரு தேசி மரமும். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா, இவ்வளவு பேர்தான். ஐந்தாவது ஆளாக ஒரு கிராமபோன் பெட்டி.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் காலி செய்துகொண்டு போனபோது கட்டில், கதிரை, கோப்பை, பீங்கான் எல்லாம் ஏலத்தில் போயின. மாமா எடுத்தது அந்தப் பெட்டியை. குழல் வைத்த சாதி இல்லை. மேலே ஒரு மூடி, முன்னால் இரண்டு சின்னக் கதவுகள். கதவுகளுக்கு உள்ளே இருக்கிற வாயிலிருந்துதான் சத்தம் வரும். பக்கத்திலே சாவி; முறுக்கி முடிந்தால் உள்ளங்கை பித்தளை மணக்கும். தட்டுகள் எல்லாம் கைமாறி வந்த பழசு. ஒரு வீணை, ஒரு நாகசுரம், மிச்சமெல்லாம் நாடகப் பாட்டுகள். கனமான தட்டுகள். கை தவறினால் பீங்கான் மாதிரியே உடையும்.

அது கச்சான் காற்று அடிக்கிற காலம். பள்ளிக்கூடம் விடுமுறை. மேற்கேயிருந்து அனலோடு புழுதியும் வந்து அலுமாரிக்குள்ளேகூடப் படிந்திருந்தது. ஊசியைத் தட்டில் வைத்தால் முதலில் கேட்பது மீன் பொரிக்கிற சத்தம். அந்தப் பொரியலுக்கு உள்ளேயிருந்துதான் வீணை வழி தேடிக்கொண்டு வரும்.

“மச்சான், உது பாட்டோ, குசினியோ?” என்று அப்பா மாமாவைக் கேட்பார்.

“ஏன் அத்தான்?”

“உந்த இரைச்சலைச் சொல்லுறன்.”

“என்ன இரைச்சல்? நல்லாத்தானே கேக்குது.”

“எஞ்சினுக்குப் பக்கத்தில இருந்து வாறவனுக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்கும்.”

மாமா சிரித்துவிட்டு மறுபடி சாவி கொடுப்பார். அவருக்கு இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும் என்பது எங்கள் வீட்டு முடிவு.

மாமா, குடாவுக்கு அக்கரையில் இருக்கிற மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஒரு லோஞ்சில் எஞ்சின்காரர். லோஞ்சின் வயிற்றுக்குள் ஒரு குழி, அதற்குள் எஞ்சின், எஞ்சினுக்குப் பக்கத்திலே ஒரு பலகை, பலகையில் மாமா. மேலே சுக்கான் பிடிக்கிற தண்டல் கயிற்றை இழுத்தால் குழிக்குள்ளே மணி அடிக்கும். மணியைக் கேட்டு மாமா வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். எத்தனையோ வருஷம் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்தவர், குடாவைக் கண்ணால் பார்த்தது குறைவு. குழிக்குள்ளேயிருந்து பார்த்தால் ஒரு சதுரம் வானம்தான் தெரியும் என்று சொல்லுவார்.

அந்த விடுமுறையில்தான் தண்டல் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மூதூர் முஸ்லிம் பெரியவர், ‘காக்கா’ என்றால் அண்ணன் முறை; வெள்ளைத் தொப்பி, தாடியிலும் உப்புக் காற்று. மாரி தொடங்குவதற்கு முன்னால் வேலையை விடப்போவதாகவும், சுக்கானை மாமாவிடம் கொடுக்கும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மாரியிலயோ?” என்று கேட்டாள்.

“மாரியில லோஞ்ச் ஓட்டுறதுக்குக் கண் தேவையில்ல, தங்கச்சி” என்று காக்கா அம்மாவிடம் சொன்னார். “மழை இறங்கினா என்ட கையே எனக்குத் தெரியா. எல்லாம் காதுதான். அங்கால சின்ன வள்ளத்தில வாற வத்தைக்காரன் விசில் அடிப்பான், பாறையில அலை மோதுற சத்தம் வேற மாதிரிக் கேக்கும். கேட்டுக் கேட்டுத்தான் சுக்கானைத் திருப்பணும். இவரு நிதானமான ஆள். இவருக்கு ஏலும்.”

மாமா சிரித்துக்கொண்டு தலையாட்டினார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. பாலையூற்றில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். “தண்டலான பிறகு வாங்கோ, பாப்பம்” என்று பெண்ணின் தகப்பன் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அந்தப் பெண்ணில் ஒரு குறை. “நல்ல பெட்டைதான். ஆனா அவள் கதைச்சால் கடலுக்கு அங்கால கேக்கும். என்ர தம்பி வாயில்லாப் பூச்சி. எப்பிடிச் சமாளிப்பான்?”

காக்கா போன பின்பு நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். மாமா சுக்கானைப் பிடிக்கிற நாளில் அந்தப் பெட்டி இரைச்சலே இல்லாமல் பாட வேண்டும். அவருக்கு என் பரிசு அது.

முதல் வேலை தட்டுகளைக் கழுவுவது. கிணற்றடியில் வாளி வைத்து, சவர்க்கார நுரையில் பழைய வேட்டித் துண்டை நனைத்து, கீறலோடு கீறலாகச் சுற்றித் துடைத்தேன். தண்ணீர் கரித்தூள் கரைத்ததுபோல் ஓடியது. எங்கள் ஊரில் ஆடு மாதிரித் தெருவில் திரிகிற மான்கள் இரண்டு வேலிக்கு அப்பால் வந்து நின்று பார்த்தன. அப்பாவும் வந்து பார்த்தார்.

“சவர்க்காரத்தில உது போகாது. ஊத்தை எடுக்கிறதெண்டால் ஸ்பிரிட்டுத்தான்” என்று சொல்லி, அலுமாரியிலிருந்து, ஸ்பிரிட்டில் செய்த வாசனைத் தண்ணீரான ஓடிக்கொலோன் போத்தலை எடுத்துவந்து நாடகப் பாட்டொன்றில் தாராளமாக ஊற்றித் துடைத்தார். முற்றம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னிய தட்டு சாம்பல் பூத்தது. துணியில் கறுப்புப் பிசின் ஒட்டியது. பிறகு அதைப் போட்டால் ஆணும் பெண்ணும் மணலுக்குள்ளே புதைந்துகொண்டு பாடினார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர் எங்கள் அலுமாரிக்கே பொலிஷ் போட்டிருந்தார். ஓடிக்கொலோனை அப்பா எடுத்ததும் அந்த அலுமாரிக்குள்ளிருந்துதான். “தட்டுச் சாமான் சரியில்லை” என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

அம்மாவின் உதவி வேறு விதம். ஈரத் தட்டை நிழலில் வைத்தால் எப்போது காயும் என்று, நான் பாராத நேரத்தில் ஒன்றை எடுத்துக் கிணற்றுக் கட்டில் வெயிலுக்கு வைத்துவிட்டாள். மத்தியானம் அது அப்பம் மாதிரி ஓரம் எழும்பிக் கிடந்தது.

“அப்பிடியெண்டால் அதில ஒரு முட்டையை ஊத்தும்” என்றார் அப்பா.

“உங்கட ஓடிக்கொலோன் வாசம் இன்னும் போகேல்லை. நீங்கள் கதையாதேங்கோ.”

கழுவியதில் பொரியல் கொஞ்சம் தணிந்தது. போதவில்லை. இரும்பு ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். முனை தேய்ந்து உளி மாதிரி இருந்தது. உளியால் உழுதால் சத்தம் வராமல் என்ன செய்யும்? இரும்பைவிட மெதுவான ஊசி வேண்டும். தேசி மரத்தில் போய் முள் ஒடித்தேன்.

பச்சைத் தேசி முள் வளைந்து படுத்துவிட்டது. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுக் காயவைத்தது கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தும்பாகிவிட்டது. ஈச்சமுள் நீளம், ஆனால் உள்ளே நார். கடைசியில் பாலையூற்றுப் பக்கத்துப் பற்றைக்குள் பிடுங்கிய காரைமுள், புகையில் காய்ந்து, உடைந்த பானை ஓட்டில் தீட்டியபோது ஊசியாகவே ஆகிவிட்டது. பெட்டியில் பூட்டித் தட்டில் வைத்தேன். பொரியல் போய்விட்டது! அடுத்த அறையில் அம்மா மா இடிக்கிறதுபோல ஏதோ தூரத்துச் சத்தம் மட்டும். அதற்கு மேலே, கம்பியில் நகம் படுவது தெரிகிற மாதிரி வீணை.

அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். “எட, இதுக்குள்ள இவ்வளவு சாமான் கிடந்திருக்கே!”

“எப்பிடி மாமா?” என்று நான் குதித்தேன்.

மாமா தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “நல்லாயிருக்கு பிள்ளை. நல்லாயிருக்கு.” கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நிற்கிற ஆளா நான்? முள்ளின் உரசல் பெட்டியின் மேலாகவும் வருகிறது என்று கண்டுபிடித்து, மூடியைச் சாத்திப் பாட வைத்தேன். இரைச்சல் இன்னும் குறைந்தது. மாமாவின் கதிரை இன்னும் கிட்ட வந்தது. முன் கதவுகளைப் பாதி சாத்தினேன். மாமா முழங்காலில் முழங்கையை ஊன்றிக் குனிந்து கேட்டார். கடைசியாக, பெட்டியின் வாய்க்குள் அப்பாவின் பழைய காலுறை ஒன்றை அடைத்தேன். கடல் அடிக்கிற சத்தத்துக்கும் மேலே ஒரு நூல் வீணை. சுத்தமான நூல்.

“எப்பிடி மாமா?”

“நல்லாயிருக்கு பிள்ளை.”

கொஞ்ச நாளில் அவர் தானாகப் பெட்டிக்குப் பக்கத்தில் போவது குறைந்தது. நான் கூப்பிட்டால் வந்து இருப்பார். அப்பா இதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். “தண்டல் மிதப்பு. கூப்பிட்டாலும் இப்ப திரும்பிறேல்லை.” அம்மாவின் காரணம் வேறு. “பொம்பிளை நினைப்பு. அப்பிடித்தான் இருக்கும்.” எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீணைத் தட்டைப் போட்டு, மூடியைச் சாத்தி, பெட்டிக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கதிரைக் கையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், குசினி வாசலில் அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாதிப் பாட்டில், மூடிக்கு உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். முள்ளின் முனை உடைந்துவிட்டது. ஊசிக் கை தட்டில் வழுக்கி நடுவுக்கு ஓடியது. வீணை நின்றது.

மாமாவின் விரல் நிற்கவில்லை.

எழும்பி மூடியைத் திறக்க வேண்டும் என்று கை போனது. ஆனால் நான் திறக்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளம் பிசகாமல் விழுந்துகொண்டிருந்தது. அவருக்குத் தட்டு மனப்பாடம். பாட்டு எங்கே முடியுமோ அங்கே முடித்து, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இண்டைக்குத்தான் பிள்ளை சரி. ஒரு தூசு இரைச்சலும் இல்லை.”

அம்மாவின் சுளகு நின்றுவிட்டது.

“தம்பி” என்றாள் மெல்ல. மாமா என்னைப் பார்த்தபடியே இருந்தார். “தம்பி!” திரும்பவில்லை. அம்மா சுளகை வைத்த வேகத்தில் அரிசி தரையில் கொட்டியது. அதை மிதித்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

“பாட்டு எப்பவோ நிண்டு போச்சடா.”

மாமா மூடியைத் தூக்கினார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் மொட்டை முள். அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

“போன வருஷம் புது எஞ்சின் போட்டவங்கள் எல்லோ, அக்கா” என்றார். “சத்தம் குறைஞ்ச எஞ்சின் எண்டு நினைச்சன். நல்ல எஞ்சின் எண்டு எல்லாருக்கும் சொன்னனான்.”

“மணி? காக்கா அடிக்கிற மணி?”

“மணியடிச்சால் கயிறு ஆடும். கயிறைப் பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு. கேக்கேல்லை எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை.”

அன்று பின்னேரம் அப்பா வந்ததும் மூன்று பேரும் கதைத்தார்கள். அம்மா தெளிவாக இருந்தாள். “ஒருத்தருக்கும் வாய் திறவாதை. அங்கை காதுக்கு ஆரும் சோதினை வைக்கிறாங்களோ? காக்கா சொல்லிப்போட்டார், முதலாளி தருவார்.” அப்பாவும் அதையே சொன்னார். “மாரி என்ன, கொஞ்ச நாள். பாத்துப் பாத்து ஓடலாம்.” உண்மையில் யாரும் சோதிக்கப்போவதில்லை. மாமா சரி என்று தலையாட்டினால் சுக்கான் அவர் கையில்.

சோதனை என்ற சொல் எனக்குள்ளே நின்றுவிட்டது. முள்களைச் சோதித்தவள் நான்தானே. அடுத்த நாள் மாமாவுக்கு ஓட்டம் இல்லை; காலையிலேயே அவரிடம் போனேன். “மாமா, நாங்கள் சோதிச்சுப் பாப்பமோ? எவ்வளவு கேக்குது எண்டு.” சத்தமாகத்தான் கேட்டேன். அவர் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார்.

இறங்குதுறைக்கு ஒதுக்குப்புறமாக, கடலுக்கு முதுகைக் காட்டிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நடுவில் பொறுக்கிய சிப்பிகள். ஊதுகிற சத்தமோ, விசிலோ, மணியோ, எது கேட்டாலும் ஒரு சிப்பியை எடுத்துத் தன் பக்கம் வைக்க வேண்டும், மற்றவரைப் பார்க்கக்கூடாது. வெயில் ஏறும்வரை இருந்தோம். பிறகு திரும்பிப் பார்த்தோம். என் பக்கத்தில் ஒரு குவியல். மாமாவின் பக்கத்தில் பெரிய கப்பல் ஊதியதற்கு வைத்த சிப்பி மட்டும்.

மாமா என் குவியலில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். “இது?”

“லோஞ்ச் மணி.”

“இது?”

“வத்தைக்காரன் விசில் அடிச்சது.”

“ம். இது?”

“ஆரோ ‘விலத்து, விலத்து’ எண்டு கத்தினது.”

அந்தச் சிப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். “கிட்டவோ?”

“ஓம் மாமா. கிட்டத்தான்.”

“போதும் பிள்ளை” என்று எழும்பினார். அதைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த லோஞ்சில் மூதூருக்குப் போனார், காக்காவின் வீட்டுக்கு.

சுக்கான் வேறு ஒரு இளம் ஆளுக்குப் போனது. காக்காவிடம் மாமா உண்மையைச் சொல்லியிருந்தார். காக்கா அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே இறங்குதுறையில், மாரிக்குப் பயந்த ஆள் என்று மாமாவுக்குப் பெயர் வந்தது. “கையில தந்ததை வேண்டாமெண்டவன்” என்று அப்பா கனகாலம் சொல்லித் திரிந்தார். மாமா மறுபடி அதே குழிக்குள், அதே எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். பெட்டியின் வாய்க்குக் காலுறை அடைக்கத் தெரிந்த எங்கள் வீட்டில், அவர் காதுக்குள் ஒரு துண்டுப் பஞ்சு வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தால் அதுதான் என்னைக் குடைகிறது.

பாலையூற்றுத் தகப்பன் பின்வாங்கினார். மகள் பின்வாங்கவில்லை. “எனக்குத் தண்டல் வேண்டாம், ஆள் போதும்” என்று அவள் வீட்டுக்குள்ளே சொன்னது அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்டதாம். அவளே மாமியாக எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, அவள் குரலைப் பற்றி அம்மா ஒரு சொல் சொன்னதில்லை. மாமா முதல் தரத்திலேயே திரும்பிப் பார்க்கிற ஒரே குரல் அதுதான்.

ஆகவே, சனிக்கிழமை நீங்கள் முள் ஊசி போடுவதென்றால் போடுங்கள். காரைமுள் நல்லது, புகையில் காயவையுங்கள், ஒவ்வொரு பாட்டுக்கும் தீட்டுங்கள். நான் தடுக்கமாட்டேன். போடுகிறதற்கு முன்னால் யார் யார் எங்கே கதிரை போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த வருஷம் முதல் மழை விழுந்த நாள். காற்றும் சேர்ந்து அடித்ததில் லோஞ்ச் ஓடவில்லை. மாமா வீட்டில் இருந்தார். நான் பெட்டியின் வாயிலிருந்து காலுறையை இழுத்தெடுத்தேன். முன் கதவுகளை அகலத் திறந்தேன். மூடியை முழுக்க உயர்த்தி, தகர டப்பாவில் மிஞ்சியிருந்த புது இரும்பு ஊசி ஒன்றைப் பூட்டி, வீணைத் தட்டைப் போட்டேன். வீடு அதிர்ந்தது. அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா தன் கதிரையைப் பழைய இடத்துக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். சாய்ந்து இருந்தார்.

பாட்டு முடிந்ததும் கேட்டார். “பிள்ளை, உண்மையைச் சொல்லு. இதில இரைச்சல் இருக்கோ?”

“இருக்கு மாமா. கனக்க.”

“எப்பிடி இருக்கும்?”

“அம்மா மீன் பொரிக்கிற மாதிரி.”

அவர் குசினிப் பக்கம் பார்த்தார். “அது எப்பிடிக் கேக்கும்? மறந்துபோச்சு.”

கிட்டப் போய் அவர் கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். முதலில் எண்ணெய் சும்மா இருக்கும் மாமா, என்று தொடங்கினேன். பிறகு மீனைப் போட்டவுடன் ‘ஸ்ஸ்’ என்று ஒரேயடியாக எழும்பும். பிறகு தணிந்து, மழை தூறுகிற மாதிரி. இடையிலே ஒரு வெடிப்பு. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே உண்மையான மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அது கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை. விடுமுறை முழுக்க நான் விரட்டித் திரிந்த அந்தச் சத்தத்தை, எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் போட்டு, அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.